ஊசி வலிக்கு இசை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

‘குழந்தையைச் சாந்தப்படுத்தும்’ என்று பெட்டியில் அச்சடித்து விற்கும் இசைப் பொருள்கள் அநேகமாக எல்லாமே தூக்கத்துக்காகச் செய்யப்பட்டவை. தடுப்பூசி நாளுக்கும், ரத்தம் எடுக்கும் நேரத்துக்கும், ஆபரேஷன் முடிந்து வலியோடு படுத்திருக்கும் பிள்ளைக்கும் அவற்றையே வாங்கிவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் வெவ்வேறு வேலை. தூக்கக் கருவி ராத்திரி முழுக்க ஒரே சத்தத்தை எழுப்பிக்கொண்டிருந்தால் போதும், யாரும் அதைத் தொட வேண்டியதில்லை. ஊசி போடும் இடத்தில் இசைக்குப் பதினைந்து இருபது நிமிட வேலைதான். அதற்குள், குத்துவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குத்தும்போது அறுபடக் கூடாது, நர்ஸ் சொல்வது காதில் விழ வேண்டும், குழந்தை முகம் சுளித்தால் உடனே குறைக்கக் கை எட்ட வேண்டும். இப்படி வைத்துப் பார்த்தால் விலை கூடிய பொருள்கள் பலவும் கீழே இறங்கிவிடுகின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டில் இருக்கும் போன், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கர், அம்மாவின் குரல். பெற்றோர் இதற்கு மேல் செலவழிக்கக் காரணம் அதிகம் இல்லை. மருத்துவமனைகளின் கணக்கு வேறு. அதற்குரிய இரண்டு பொருள்கள் பின்னால் வருகின்றன.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

மருந்துக்குப் பதிலாக இசை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குழந்தைகளுக்கு ஊசி, குழாய் செருகல் போன்றவை நடக்கும்போது இசை வைத்துப் பார்த்த 19 சோதனைகளை, மொத்தம் 1,513 பேரை, 2008இல் ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். பதற்றம் குறைந்தது, வலியும் குறைந்தது. ஆனால் அந்தக் குறைவு சிறியதுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டதுதான். அழவே அழாது என்று விளம்பரம் சொன்னால் அது பொய். அழுகை சீக்கிரம் அடங்கும், உடம்பு கொஞ்சம் தளரும், பிடித்து அழுத்த வேண்டிய பலம் குறையும். அவ்வளவுதான் கேட்கலாம், அதுவே நல்ல லாபம்.

கனடாவின் எட்மன்டனில் ஸ்டாலரி குழந்தைகள் மருத்துவமனையில் நடந்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அவசரப் பிரிவில் 3 முதல் 11 வயது வரையுள்ள 42 பிள்ளைகளுக்குக் கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போடும்போது ஒரு குழுவுக்கு மட்டும் இசை வைத்தார்கள். 2013இல் முடிவு வந்தது. பிள்ளைகளின் தவிப்பை அளக்கும் மொத்த மதிப்பெண்ணில் உறுதியான வித்தியாசம் இல்லை. பிள்ளைகள் தாங்களே சொன்ன வலி, இசை கேட்ட குழுவில் குறைவு. எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது இது: ஊசி போட்டவர்களில் ‘மிகச் சுலபமாக இருந்தது’ என்றவர்கள் இசை இருந்த பக்கம் 76 சதவீதம், இல்லாத பக்கம் 38 சதவீதம். அசையாத கையில் நரம்பு தேடுவது எளிது என்பது வென்ஃப்ளான் போடும் எவருக்கும் தெரியும். இன்னொன்று, அங்கே இசை வந்தது ஹெட்போனில் அல்ல, அறையில் வைத்த ஸ்பீக்கரில்.

பச்சிளங்குழந்தைகளுக்கு, அதிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு, வேறு விதமான ஆதாரம் இருக்கிறது. இத்தாலியின் அவோஸ்தா நகர மருத்துவமனையில் 20 குறைமாதக் குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும்போது அம்மாக்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசவும் பாடவும் சொன்னார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில், அம்மா இல்லாதபோது 4.5 ஆக இருந்த சராசரி வலி மதிப்பெண் அம்மா பேசியபோது 3 ஆகவும், பாடியபோது 3.8 ஆகவும் இறங்கியது. பேச்சு பாட்டை முந்திவிட்டது. குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச்சை மாற்றலாம், பாட்டில் மெட்டு கட்டிப்போடும் என்பது அதற்கு ஒரு விளக்கம். இசைப்பொருள் விற்பவர்கள் யாரும் இந்த முடிவை மேற்கோள் காட்டுவதில்லை. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

வயதுக்கேற்ப வேலை செய்யும் விதமும் மாறுகிறது. நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு இசை கவனத்தைத் திருப்புகிறது. மூளையிலிருந்து கீழிறங்கி வலிச் செய்தியைத் தணிக்கும் பாதைகள் பிறந்த குழந்தையிடம் இன்னும் முதிர்ந்திருக்காது. அங்கே இசை செய்வது இதயத் துடிப்பையும் மூச்சையும் விழிப்பு நிலையையும் சற்றே சமன்படுத்துவதுதான். அதனால் பெரிய பிள்ளைக்கு உதவும் துள்ளல் பாட்டு பச்சிளங்குழந்தைக்குத் தொந்தரவு. தாலாட்டு வைத்தால் ஏழு வயதுப் பையன் நம்மையே ஏற இறங்கப் பார்ப்பான்.

போன் + சின்ன ஸ்பீக்கர்: வாங்கலாம், ஆனால் சரிபார்த்து

கையில் அடங்கும் அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும். பெரிய பேஸ் உள்ளது வேண்டாம். மேசையே அதிரும், இன்குபேட்டர் அல்லது இரும்புக் கட்டில் பக்கத்தில் வைத்தால் அந்த அதிர்வு நேரே குழந்தைக்குப் போகும். கடையிலேயே நாலு விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, மலிவான ஸ்பீக்கர்கள் ஆன் செய்ததும் போடும் சத்தம். ‘ப்ளூடூத் மோட்’ என்று ஒரு குரல் உச்ச ஒலியில் கத்தும், இணைந்ததும் இன்னொரு முறை கத்தும், பேட்டரி குறைந்தால் நடுப் பாட்டில் மறுபடி கத்தும். பலவற்றில் இந்தக் குரலின் ஒலியளவைக் குறைக்கவே முடியாது. ஊசி அறைக்குள் இது நடந்தால் அதுவரை செய்த வேலை வீண். குரல் இல்லாமல் ‘டிங்’ என்று மெல்ல ஒலிக்கும் மாடலாகப் பார்த்து எடுங்கள். எதுவாக இருந்தாலும் அறைக்கு வெளியிலேயே ஆன் செய்து, இணைத்து, பாட்டை நிறுத்தி வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்.

இரண்டாவது, குறைந்தபட்ச ஒலி. சில ஸ்பீக்கர்களில் ஒலிக் கட்டம் ஒன்றே காதை அடைக்கும், பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் எதுவும் இருக்காது. ஸ்பீக்கரின் ஒலியைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பேச்சுக் குரலுக்கும் கீழே சீராக இறங்குகிறதா என்பதுதான் சோதனை. கடையில் எல்லோரும் உச்ச ஒலியைச் சோதிப்பார்கள். இங்கே வேண்டியது அதற்கு நேரெதிர்.

மூன்றாவது, மேற்பரப்பு. துணி வலை போட்டது பார்க்க அழகு, துடைக்க முடியாது. ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஆனதை 70 சதவீத ஆல்கஹால் துணியால் துடைக்கலாம். வார்டுக்கு வார்டு போகும் பொருள் என்றால் இது விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயம். நான்காவது, மினுக்கும் வண்ண விளக்கு. அணைக்க வழி இல்லாவிட்டால் வாங்காதீர்கள். பச்சிளங்குழந்தைக்கு அது இன்னொரு குத்தல்.

வைக்கும் இடம்: குழந்தையின் தலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, மடித்த துண்டின் மேல், இரண்டு காதுக்கும் சம தூரம் வரும்படி கால் பக்கமாக. தலையணைப் பக்கம் வேண்டாம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். 30 செ.மீ.யில் 65 டெசிபல் இருப்பது 60 செ.மீ.யில் 59, ஒரு மீட்டரில் 55க்குப் பக்கம். சுவர் எதிரொலிக்கும் சின்ன அறையில் இந்த அளவு குறையாது, ஆகவே கணக்கை மட்டும் நம்பாமல் குழந்தையின் காது இருக்கும் இடத்தில் போனை வைத்து ஒலியளக்கும் ஆப்பில் பாருங்கள். போனின் அளவீடு சில டெசிபல் முன்பின் இருக்கும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் ஏறத்தாழ 60 டெசிபல். நிறைமாதக் குழந்தைக்கும் பெரிய பிள்ளைக்கும் அதைத் தாண்ட வேண்டாம்.

குறைமாதக் குழந்தைகள் பிரிவில் இந்தத் தாராளம் கிடையாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997இல் அங்கே 45 டெசிபலுக்கு மேல் போவதே கவலைக்குரியது என்றது. மானிட்டர் அலாரம், வென்டிலேட்டர், இன்குபேட்டர் கதவைச் சாத்தும் சத்தம் எல்லாம் சேர்ந்து பல நேரம் அதை ஏற்கெனவே தாண்டியிருக்கும். அந்தச் சத்தத்தை அமுக்க இசையைக் கூட்டுவது தலைகீழ் வேலை. முதலில் அலாரத்தைக் கவனித்து, பேச்சைக் குறைத்து, பிறகுதான் இசை. இன்குபேட்டருக்கு உள்ளே ஸ்பீக்கர் வைப்பதும் தவறு. பிளாஸ்டிக் சுவர்களில் ஒலி திரும்பத் திரும்ப மோதி, வெளியில் மெல்லியதாகத் தெரிவது உள்ளே பெரிதாகும். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு எந்த இசையையும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பாட்டு எது? நிமிடத்துக்கு 60 முதல் 80 தாளம், ஒரு குரல் அல்லது ஒரு கருவி, திடீரென ஏறாத ஒலி. மிருதங்கம், தவில், டிரம்ஸ் வேண்டாம். வயலின் மேல்ஸ்தாயியில் கிறீச்சிடும் பகுதிகளும் வேண்டாம். நீலாம்பரி தாலாட்டுக்கு ஆகிவந்த ராகம். அது மெதுவாக, இழுத்து, மேடுபள்ளமில்லாமல் பாடப்படுவதால் இங்கே பொருந்துகிறது. ‘இந்த வலிக்கு இந்த ராகம்’ என்று பட்டியல் போட்டு மாதச் சந்தா கேட்கும் ஆப்களுக்குக் கொடுக்கும் பணம் வீண். ராகத்துக்கு ராகம் குழந்தையின் வலி மாறுகிறது என்று காட்டிய நம்பகமான சோதனை எதையும் அவை முன்வைப்பதில்லை. வீட்டுப் பாட்டியின் ‘ஆராரோ’வைப் பதிவு செய்தால் அந்த ஆப் கொடுப்பது எல்லாம் அதில் இருக்கும், குழந்தைக்குத் தெரிந்த குரல் என்பது கூடுதல்.

பாட்டைக் கட்டாயம் இறக்கிப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். யூடியூபில் ஓட விட்டால் சரியாக ஊசி இறங்கும் நொடியில் பெயின்ட் விளம்பரம் அலறும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, ப்ளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்து, அலாரங்களை அணைத்து, ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தாலாட்டு முடிந்ததும் குத்துப்பாட்டு வரும்.

நேரம்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு நடக்கும் இடம். குழந்தை வீறிட ஆரம்பித்த பிறகு பாட்டைப் போடுகிறார்கள், அது கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டுகிறார்கள், கடைசியில் ‘இதெல்லாம் சும்மா’ என்கிறார்கள். தோலை ஸ்பிரிட் வைத்துத் துடைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே இசை ஓட வேண்டும். மருத்துவமனை சர்க்கரைக் கரைசல் கொடுப்பதாக இருந்தால் அதைக் குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன் நாக்கில் விடுவார்கள், இசை அதற்கும் முன்னால். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடுவது இன்னும் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் தடுப்பூசி வலிக்குச் சொன்ன வழிகளில் தாய்ப்பாலும், அம்மா மடியில் பிடித்துக்கொள்வதும், சிறு பிள்ளைகளுக்குக் கவனம் திருப்புவதும் உண்டு. ஒன்றுக்கு மேல் ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியாகப் போடச் சொல்வதும் அதில் இருக்கிறது. முடிந்த பிறகு பத்து நிமிடம் ஓட விட்டு, ஒலியைப் படிப்படியாக இறக்கி நிறுத்துங்கள். பட்டென்று நிறுத்தினால் அடங்கிய குழந்தை திரும்ப அழும்.

தடுப்பூசி போடும் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்பீக்கர் எடுபடாது. இருபது குழந்தை அழும் கூடத்தில் அது கேட்க வேண்டுமானால் அந்த அழுகைக்கு மேல் கூட்ட வேண்டும், அது இசை இல்லை, இன்னொரு இரைச்சல். பையிலேயே வைத்துவிட்டு, குழந்தையை மார்போடு அணைத்து, காதோரம் முணுமுணுப்பதுதான் அங்கே வேலை செய்யும். காதுகுத்தில் தாய்மாமன் மடியில் பிள்ளை இருக்க, தட்டான் கம்பியை எடுக்கும்போது மேளத்தைத் தட்டி எழுப்புவார்களே, அது சுற்றியிருப்பவர்களுக்கு அழுகை கேட்காமல் செய்யும். பிள்ளையின் வலியில் ஒன்றும் குறையாது.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? பச்சிளங்குழந்தைக்கு முகம், அழுகை, மூச்சு, கை, கால், விழிப்பு நிலை என்று ஆறையும் பார்த்து 7க்கு மதிப்பெண் போடும் அளவுகோலை நர்ஸ்கள் வைத்திருப்பார்கள். அதில் 3க்கு மேல் போனால் வலி என்று கொள்வார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம், புருவமும் விரல்களும் போதும். விரல்களை விசிறிபோல் விரித்தால், தலையைத் திருப்பிக்கொண்டால், விக்கல் வந்தால், முதுகை வில்லாக வளைத்தால் இசை அதிகமாகிவிட்டது. நிறுத்துங்கள். குறைமாதக் குழந்தையிடம் ஆக்சிஜன் அளவு இறங்குவதும் தோல் நிறம் மாறுவதும் அதே செய்தி.

பெரிய பிள்ளைகளிடம் விதியே மாறும். பாட்டை அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், ‘ப்ளே’ பொத்தானை அவர்கள் அழுத்த வேண்டும். சும்மா கேட்பதைவிட ஏதாவது செய்வது நல்லது. ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் பிள்ளை பாடட்டும், தாளத்துக்கு ஊசி போடாத கையால் தொடையில் தட்டட்டும், பல்லவி வரும்போது மெழுகுவர்த்தி ஊதுவதுபோல் நீளமாக ஊதட்டும். ஊதும்போது உடம்பு தளரும், சரியாக அப்போது குத்த நர்ஸிடம் முன்பே சொல்லிவைக்கலாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. தினமும் தூங்க வைக்கும் பாட்டை ஊசிக்கு எடுக்காதீர்கள். நாலைந்து முறை நடந்தால் அந்தப் பாட்டைக் கேட்டதுமே அழுகை வரும். அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டிய பிள்ளைக்கு வேறொரு பாட்டை ஒதுக்கி, அதை விளையாட்டு நேரத்திலும் இடையிடையே போட்டுவர வேண்டும்.

தூக்க ஒலிக் கருவிகள்: வலிக்கு வேண்டாம்

மழைச் சத்தம், ஃபேன் இரைச்சல், கருப்பைச் சத்தம் என்று தொட்டில் பக்கத்தில் வைக்கும் கருவிகள் இவை. 2014இல் டொரோன்டோ ஆய்வாளர்கள் இப்படி 14 கருவிகளை உச்ச ஒலியில் வைத்து அளந்தார்கள். 30 செ.மீ. தூரத்தில் பதினான்குமே 50 டெசிபலைத் தாண்டின. இரண்டு மீட்டர் தள்ளி வைத்தும் ஒன்றைத் தவிர மற்றவை தாண்டின. மூன்று கருவிகள் 85 டெசிபலுக்கு மேல் எழுப்பின. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நிற்கும் பெரியவர்களுக்கே அது எல்லை.

உச்சத்தில் வைக்கமாட்டோம் என்று சொல்லலாம். சரி. ஆனாலும் ஊசி நேரத்துக்கு இவை பொருந்தாது. இரைச்சலில் முன் பின் இல்லை, பிள்ளையின் கவனம் பற்றிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. பச்சிளங்குழந்தைக்கோ அது அம்மாவின் குரலையே மறைத்துவிடுகிறது. தூங்க வைக்க வாங்கியிருந்தால் இரண்டு மீட்டர் தள்ளி, குறைந்த ஒலியில், தூங்கியதும் அணைத்துவிடுங்கள். ஆஸ்பத்திரிப் பையில் போட வேண்டாம்.

பிள்ளைகள் ஹெட்போன்: ஆறு வயதுக்கு மேல், ஆபரேஷனுக்குப் பிறகு

இது பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது. சிகாகோவின் லூரி குழந்தைகள் மருத்துவமனையில் பெரிய அறுவை முடிந்த 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு, அவர்களே தேர்ந்தெடுத்த பாட்டையோ ஒலிப்புத்தகக் கதையையோ அரை மணி நேரம் ஹெட்போனில் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது குழுவுக்குச் சத்தமே இல்லாத ஹெட்போன். பாட்டும் வலியைக் குறைத்தது, கதையும் குறைத்தது, வெறும் மௌனம் குறைக்கவில்லை. வார்டில் பக்கத்துக் கட்டிலுக்குத் தொந்தரவு இல்லாமல் இதைச் செய்ய ஹெட்போன் வேண்டும். பாட்டில் நாட்டமில்லாத பிள்ளைக்குக் கதையை எடுத்துக்கொள்ளலாம், பலன் குறையாது. டாக்டர் எழுதிய வலி மருந்து அதன் நேரத்துக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பாட்டுக் கேட்டு அமைதியாக இருக்கிறானே என்று மருந்தைத் தள்ளிப்போடுவது நடக்கிறது.

‘85 டெசிபலுக்கு மேல் போகாது’ என்று அட்டையில் இருப்பதை அப்படியே ஏற்க வேண்டாம். கம்பி வழி மாடல்களில் பெரும்பாலும் ஒரு மின்தடையை வைத்துத்தான் ஒலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். கூடுதல் மின்னழுத்தம் தரும் கருவியில் செருகினால் எல்லை ஏறும். தடை கம்பியில் இருக்கும் மாடலில் வேறு கம்பி மாற்றினால் எல்லையே போய்விடும். ப்ளூடூத் மாடலில் கட்டுப்பாடு உள்ளே இருப்பதால் சற்றுத் தேவலை. அதிலும் சில, உடன் வரும் கம்பியைச் செருகியதும் கட்டுப்பாட்டை விட்டுவிடும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் பிள்ளைகளுக்குச் சொன்னது 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். எளிய சோதனை: பிள்ளை போட்டிருக்கும்போது ஒரு கை தூரத்தில் நின்று பெயர் சொல்லிச் சாதாரணமாகக் கூப்பிடுங்கள். திரும்பினால் சரி.

ஊசி போடும் நேரத்தில் மட்டும் ஹெட்போன் வேண்டாம். ‘கையை மடக்காதே’ என்று நர்ஸ் சொல்வது விழாது, முன்னறிவிப்பில்லாமல் குத்து விழும், அடுத்த முறை பிள்ளை ஹெட்போனைக் கண்டாலே ஓடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எந்த நேரத்திலும் வேண்டாம். தலை சிறிது, பிடி இறுக்கம், காதுக் குழாய் குட்டையானது என்பதால் அதே அளவு ஒலி உள்ளே கூடுதலாக விழும்.

சப்பினால் பாடும் சூப்பான்: குறைமாதப் பிரிவுக்கு, அதுவும் யோசித்து

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இசை சிகிச்சைப் பேராசிரியர் ஜெய்ன் ஸ்டான்ட்லி உருவாக்கிய கருவி இது. சூப்பானில் ஓர் உணரி இருக்கும். குழந்தை குறிப்பிட்ட பலத்தோடு சப்பினால் தாலாட்டு சில நொடி ஒலிக்கும், சப்புவதை நிறுத்தினால் பாட்டும் நிற்கும். திரும்பச் சப்பினால் திரும்ப வரும். மூக்குக் குழாய் வழியே பால் குடிக்கும் குழந்தைக்குச் சப்பப் பழக்குவதுதான் இதன் முதல் வேலை, அதில் பலன் காட்டியிருக்கிறது.

மொத்தப் பட்டியலிலும் குழந்தையின் கையில், அல்ல வாயில், கட்டுப்பாட்டைக் கொடுத்த ஒரே பொருள் இதுதான். யோசனை அருமை. குதிகால் குத்தலுக்கு இதை 2008இல் சோதித்தபோது, எதுவும் செய்யாததைவிடக் குழந்தைகள் நல்ல நிலையில் இருந்தார்கள். ஆனால் பாட்டில்லாத வெறும் சூப்பான் வாங்கிய குழுவும் அப்படித்தான் இருந்தது. வலியை மட்டும் மனத்தில் வைத்தால் சப்புவதுதான் பெரும் பங்கு வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே வலிக்காக மட்டும் ஒரு மருத்துவமனை இதை இறக்குமதி செய்வது வீண் செலவு. பால் குடிக்கப் பழக்க வாங்கியிருந்தால் ஊசி நேரத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். தாய்ப்பால் குடிக்கும் நிறைமாதக் குழந்தைக்கு வீட்டில் சூப்பானைப் பழக்க இதைக் காரணமாக்க வேண்டாம், அம்மாவின் மார்பு அதைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

கடலலைத் தட்டு, மரப்பெட்டி: ஆள் இருந்தால்தான்

நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவ மையத்தை மையமாக வைத்து, 11 மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2013இல் வந்தது. மூன்று விஷயங்கள் வைத்தார்கள். உள்ளே சின்ன உலோக மணிகள் போட்ட வட்டத் தட்டு ஒன்று, சாய்த்தால் கருப்பைக்குள் கேட்கும் ‘ஷ்ஷ்’ ஓசை வரும். விரலால் தட்ட இதயத் துடிப்பு போல் ஒலிக்கும் மரப்பெட்டி ஒன்று. மூன்றாவது, பெற்றோருக்குப் பிடித்த பாட்டைத் தாலாட்டாக்கி நேரில் பாடுவது. தட்டின் ஓசையில் தூக்கம் மேம்பட்டது, பெட்டியின் தாளத்தில் சப்புதல் மாறியது, தாலாட்டில் இதயத் துடிப்பு இறங்கியது. பெற்றோரின் மன அழுத்தமும் குறைந்தது. அது ஊசி வலி பற்றிய ஆய்வு அல்ல, குழந்தையின் உடல்நிலை பற்றியது.

தட்டு இங்கே இசைக்கருவிக் கடைகளில் கடலலை டிரம் என்ற பெயரில் கிடைக்கும். வாங்குபவர்கள் அதைக் கிலுக்குகிறார்கள். கிலுக்கக் கூடாது. குழந்தையின் மூச்சைப் பார்த்து, மார்பு ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம் என்று மணிகள் உருளும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். குறைமாதக் குழந்தையின் மூச்சு நிமிடத்துக்கு 40, 60 என்று ஓடும், இரண்டு மூன்று மூச்சுக்கு ஒரு சாய்வு என்று பிடித்தால்தான் கைக்கு வரும். மணிகள் விளிம்பில் மோதினால் ‘டக்’ என்று கேட்கும், அது தவறு. மலிவுப் பதிப்புகளில் மணி பெரிதாகவும் தோல் இறுக்கமாகவும் இருப்பதால் எவ்வளவு மெல்லச் சாய்த்தாலும் இந்தச் சத்தம் வந்தே தீரும். பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர் இருக்கும் பிரிவு வாங்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் அம்மாக்கள் உட்கார நாலு நல்ல நாற்காலி வாங்கிப் போடலாம்.

தொங்கும் இசைப் பொம்மை, கிலுகிலுப்பை

கம்பித் தொட்டிலில் மாட்டிச் சுழலவிடும் இசைப் பொம்மை தூளியில் நிற்காது. அதைக் கழற்றிக் குழந்தையின் தலைமாட்டில் வைக்கிறார்கள், அதுதான் ஆக மோசமான இடம். ஒலியைக் குறைக்கும் வசதியும் பலவற்றில் இல்லை.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரைக்கும் ஊசி நேரத்தில் பனையோலைக் கிலுகிலுப்பையை எதுவும் மிஞ்சாது. ஓசை மெல்லியது, பார்க்கவும் பிடிக்கவும் தோதானது, அம்மா கை நிறுத்தினால் நிற்கும். ஊசி இறங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காட்டி, ஆட்டி, நிறுத்தி, குழந்தை தேடும்போது மறுபடி ஆட்ட வேண்டும். இடைவிடாமல் ஆட்டினால் பத்து நொடியில் குழந்தைக்குச் சலித்துவிடும். ஓலை பிரிந்து உள்ளிருக்கும் விதையோ கல்லோ வெளியே வந்துவிடாதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மின் பொம்மை எதை வாங்கினாலும் பேட்டரி மூடிக்கு ஸ்குரூ இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இசை வரும் சின்னப் பொம்மைகளில் பட்டன் பேட்டரிதான் இருக்கும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைப் பொசுக்க ஆரம்பித்துவிடும். நகத்தால் திறக்கும் மூடியுள்ளதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், எக்ஸ்ரே இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.